இளங்குதிரை பழகவில்லையா? சாட்டைக்கு முன் வாயைப் பாருங்கள்

டெல்டாவில் ரேக்ளாவுக்குக் குதிரை வளர்ப்பது பழைய வழக்கம். இப்போது சவாரிக்கென்றே வாங்குபவர்களும் என்னிடம் நிறைய வருகிறார்கள். ஆடியில் கூடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பிடித்த குட்டியாக இருக்கும், இல்லையென்றால் தரகர் மூலம் ராஜஸ்தானிலிருந்து லாரியில் வந்த மார்வாரி இனக் குதிரை. புதிதில் எல்லாம் சுகமாகப் போகும். சில மாதம் கழித்து ஃபோன் வரும்: "நல்லாத்தான் பழகிட்டு வந்துச்சு சார். இப்ப தலையைத் தலையை ஆட்டுது, ஏற விடமாட்டேங்குது. திமிரு."

கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரையில், உண்மையிலேயே திமிர் பிடித்த இளங்குதிரை மிகக் குறைவு. மூன்று, நான்கு வயதில் ஒரு குதிரை பின்வாங்குகிறது என்றால், அந்த வயதில் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாயில் தொடங்குவோம். குதிரைக்கு 24 பால் பற்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுக்குள் அத்தனையும் விழுந்து நிலைப்பற்கள் வருகின்றன. நாம் கடிவாளம் மாட்டிப் பழக்குவதும் சரியாக இதே காலத்தில்தான். ஈறு வீங்கியிருக்கும். விழ வேண்டிய கடைவாய்ப் பால் பல் பாதி கழன்று புதுப் பல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய் வரிசைக்கு முன்னால் பட்டாணி அளவில் ஓர் உதிரிப் பல் இருக்கும். கடிவாள இரும்பு அதில் போய் இடிக்கும். இந்த வாயை வைத்துக்கொண்டு லகானை இழுத்தால் தலையை ஆட்டாமல் என்ன செய்யும்? உதிரிப் பல்லை மயக்க ஊசி போட்டு எடுத்துவிடலாம். ஈறு ஆறும்வரை இரும்பில்லாத முகக்கயிற்றில் வேலையைத் தொடரலாம்.

வாங்கும்போதே பல்லைப் பார்த்திருந்தால் வயதும் தெரிந்திருக்கும். நம்மூரில் சுழி பார்க்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கெட்ட சுழி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்துப் பேசுவார்கள், வாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். முன்வாயில் நடு ஜோடி வெட்டுப்பற்கள் இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். பால் பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறோரம் குறுகி இருக்கும். தரகர் "நாலு வயசு, தாராளமா ஏறலாம்" என்கிறார், ஆனால் வாயில் நடு ஜோடி மட்டும்தான் மாறியிருக்கிறது என்றால், அந்தக் குதிரைக்குப் பெரும்பாலும் மூன்றரைகூட ஆகியிருக்காது.

இந்த ஒரு வயது வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எலும்பு இருக்கிறது. முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, எலும்பாகி மூடவே இரண்டு, இரண்டரை வயதாகிறது. முதுகெலும்புக் கணுக்களில் உள்ளவை மூட ஐந்து வயதும் தாண்டும். நாம் உட்காருவது அந்த முதுகின் மேல். அதற்காக நாலு வயதுவரை கொட்டகையில் கட்டிப்போடுங்கள் என்று சொல்லவில்லை, அது இன்னும் கெடுதல். வளரும் எலும்பு அளவான ஓட்டத்தில்தான் உறுதியாகும். தினமும் அவிழ்த்துவிடுங்கள், கையில் பிடித்து நடத்துங்கள். கயிற்றில் கட்டிச் சின்ன வட்டமாக நெடுநேரம் சுற்றவிடுவதுதான் ஆகாது. மூட்டு வீங்கி வரும் குட்டிகளில் பலவற்றுக்கு இந்தச் சுற்றல்தான் காரணம்.

மூன்று வயதில் சேணம் போட்டு, லேசான ஆள் ஏறி, நேர்பாதையில் நடை மட்டும். பாய்ச்சலெல்லாம் நாலுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வளர்ந்த குதிரைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எடை பார்க்க ஒரு கயிறும் டேப்பும் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்ட முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் 312 கிலோ. அதில் ஐந்தில் ஒன்று 62. சேணத்துக்கு எட்டுப் பத்து கிலோ கழித்தால் ஏறுபவர் 54 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இளங்குதிரைக்கு இதிலும் குறைக்க வேண்டும். 80 கிலோ மாப்பிள்ளையை ஏற்றி, முன்னால் சரவெடி கொளுத்தி, மூன்று வயதுக் குட்டியை ஊர்வலத்தில் நடத்துவதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை.

மனசு பழகுவது வேறு கணக்கு. லகானை லேசாக இழுக்கிறீர்கள், குதிரை வேகத்தைக் குறைத்து நிற்கப் பார்க்கிறது. அந்த நொடியிலேயே கை தளர்ந்தால், நின்றால் தொல்லை விலகும் என்று அதற்குப் புரிகிறது. நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றும் பயனில்லை என்றுதான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்க வேண்டிவரும், அதற்கடுத்த முறை அதைவிட. வாய் மரத்துப்போன குதிரை என்று சொல்கிறோமே, அது இப்படி உருவாவதுதான். நடந்துகொண்டிருக்கும் குதிரையின் விலாவில் குதிகாலால் தட்டிக்கொண்டே இருப்பதும் இதே கதை. கை எப்போது விடுகிறது என்பதில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரே ஒரு விஷயம் போதும். இடது பக்கம் சுலபமாகத் திரும்பியதா? சரி, கழுத்தைத் தடவிவிட்டு இறங்கிவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்கிற ஆசையில்தான் முக்கால்வாசிச் சண்டை ஆரம்பிக்கிறது.

எங்கே ஓட்டுவது என்பதும் நம்மூரில் ஒரு சிக்கல். தார்ச்சாலை காலுக்குக் கெட்டி. கொள்ளிட மணல் ஆழம், தசைநார் இழுத்துக்கொள்ளும். அறுத்த வயல் கண்ணை இழுக்கும், ஆனால் சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள்; குளம்பு பட்டால் பஞ்சாயத்துதான். சித்திரையில் களிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது அங்கே குதிரையை இறக்கவே கூடாது. மிஞ்சுவது வாய்க்கால் கரை மண்பாதை, அதுவும் விடிகாலையில்.

கரையில் வேறு சோதனைகள். எதிரே வாத்துக் கூட்டம் வரும், அறுவடை இயந்திரம் உறுமும், கொள்முதல் நிலையத்தில் நெல்மேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் படபடக்கும். போகும்போது அந்தத் தார்ப்பாயைக் கண்டுகொள்ளாமல் நடந்த குதிரை, திரும்பி வரும்போது அதைப் பார்த்தே மிரளும். வேறு கோணத்திலிருந்து பார்க்கும்போது அதற்கு அது புதுப் பொருள். இதை வைத்து 'நேத்துக் கத்துக்கிட்டதெல்லாம் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, தலையைத் தாழ்த்தி மூச்சுவிடும்வரை காத்திருந்து, அப்புறம் நாலடி. பழகிய குதிரை ஒன்று முன்னால் போனால் பாதி வேலை மிச்சம்.

இனி தீவனம். மாடு வளர்க்கும் வீட்டில் குதிரைக்கும் அதே வைக்கோல், தவிடு, கோ-4 புல். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், கிடைக்கிற கொஞ்சம் கால்சியத்தையும் குடலில் கட்டிப்போடும். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அப்படி ஒரு முன்வயிறு இல்லை. அப்போது உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்குகிறது. முற்றினால் முகம் வீங்கும். அதற்கு முன்பே இன்றைக்கு ஒரு காலில், நாளைக்கு இன்னொரு காலில் நொண்டும், ஏற விடாது. இதையும் திமிர்க் கணக்கில்தான் எழுதுகிறார்கள். தவிட்டைக் குறைத்து, குதிரைமசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் சேருங்கள். வரப்பு அறுகு நல்லது, அந்த வயலில் மருந்து அடிக்காமல் இருந்தால். தாது உப்பு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மிச்சம் கிடக்கிறதே என்று கோழித்தீவனத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

நன்றாக ஓடிய குதிரை திடீரென்று மந்தமானால் வெப்பத்தைப் பாருங்கள். 37.5 முதல் 38.5 செல்சியஸ் இயல்பு. விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்தல் என்றால் ஈக்கடியால் பரவும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கரை வழுக்கும், பழக்கத்தை நிறுத்தத்தான் வேண்டும். அதனால் எல்லாம் போய்விடும் என்று பதற வேண்டாம். ஒழுங்காகக் கற்றதைக் குதிரை மாதக்கணக்கில் மறப்பதில்லை. கொட்டகையிலேயே நாலு காலையும் தூக்கிக் காட்டப் பழக்குங்கள். ஈரத்தில் நின்றால் குளம்படியின் நடு மெத்தை கறுத்து அழுகி நாறும் என்பதால் தினமும் சுத்தம் செய்ய அது எப்படியும் தேவை. டெட்டனஸ் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். தை பிறந்து கரை காய்ந்ததும், நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பியுங்கள்: முதல் வாரம் கையில் பிடித்து நடை, அப்புறம் வெறும் சேணம், அதற்கப்புறம் ஆள். குட்டி இதற்குள் வளர்ந்திருக்கும், பழைய சேணம் தோள்பட்டையை இறுக்குகிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.