தேனீப் பெட்டி குளிரைத் தாண்டியதா? திறப்பதற்கு முன் பாருங்கள்

குளிர்காலம் முடிந்து முதல் வெயில் அடிக்கும் வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் செத்துக் கிடக்கிறது. குளிர் தாங்கவில்லை போல." நான் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே தேன் மிச்சம் இருக்கிறதா என்பதுதான். இரண்டாவது, செத்த தேனீக்கள் எங்கே, எப்படிக் கிடக்கின்றன? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், பல நேரம் குளிரின் மேல் போட்ட பழி நிற்காது.

நல்ல பலமும் போதிய தேனும் உள்ள தேனீக் கூட்டத்துக்குக் குளிரைச் சமாளிக்கத் தெரியும். வெப்பம் சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேனீக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடைகளுக்கு நடுவே பந்து போலத் திரண்டுகொள்ளும். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைத்து வெப்பம் உண்டாக்கும். பந்தின் வெளி ஓரத்தில் 10 டிகிரி இருக்கும்போதே, நடுவில் புழுக்கள், அதாவது வளரும் தேனீக் குஞ்சுகள், இருந்தால் அங்கே 35 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த அடுப்புக்கு எரிபொருள் தேன் ஒன்றுதான்.

சிக்கல் தொடங்குவது குளிர் விடும் சமயத்தில். ராணி மறுபடி முட்டையிட ஆரம்பிக்கிறது. அதுவரை மிதமாக இருந்த பந்தின் நடுப்பகுதியை இப்போது புழுக்களுக்காக இரவும் பகலும் சூடாக வைக்க வேண்டும். தேன் மளமளவென்று கரையும், வெளியிலோ இன்னும் பூ இல்லை. கடும் குளிரைத் தாண்டிவந்த எத்தனையோ பெட்டிகள் பட்டினியால் சாவது இந்தச் சில வாரங்களில்தான். வெயிலைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடுகிறோம், அதுதான் வருத்தம்.

அதனால் முதல் சோதனையை மூடியைத் தொடாமலே செய்யுங்கள். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியை வைத்து அதையும் தூக்கிப் பழகினால், கைக்கே எடை தெரிந்துவிடும். லேசாக எழும்பினால் அன்றைக்கே தீனி வைக்க வேண்டும். மூடியைச் சட்டென்று திறந்து, தேனீப் பந்துக்கு நேர் மேலே கெட்டியான சர்க்கரைப் பாகுக் கட்டியை வைத்து மூடிவிடுங்கள். குளிர் இருக்கும்போது நீர்த்த பாகு வேண்டாம். அந்த நீரை வற்றவைக்க அவற்றுக்குத் தெம்பு இருக்காது, பெட்டிக்குள் ஈரமும் ஏறும். சுத்திகரிக்காத சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், வெள்ளைச் சர்க்கரையே போதும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத தேனை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். நோய் அதன் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

அப்புறம் வாசலைப் பாருங்கள். வெயில் நாளில் தேனீக்கள் வெளியே வந்து, முன்னால் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் விழுந்தால் பயப்பட வேண்டாம். குளிர் முழுக்க அடக்கி வைத்த கழிவை அவை பெட்டிக்கு வெளியே வந்துதான் விடும். அதே கறை உள்ளே அடைகளின் மேல் கோடு கோடாக இருந்தால்தான் கவலை. தேனீயின் குடலைத் தாக்கும் நோசிமா நோயாக இருக்கலாம், கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது, நுண்ணோக்கியில்தான் உறுதியாகும். காலில் மகரந்தம் சுமந்து தேனீக்கள் உள்ளே போனால் மனதுக்கு ஒரு தெம்பு. உள்ளே ஊட்டப் புழுக்கள் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

முழுதாகத் திறக்க 15 டிகிரியாவது வேண்டும், காற்றும் அடிக்கக் கூடாது. ராணியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். அறைக்கு ஒன்றாக, அடியில் நிற்கும் முட்டைகளைப் பார்த்தால் ராணி இருக்கிறது, சரி. பணித் தேனீ அறைகளில் துப்பாக்கிக் குண்டு போலத் துருத்திய மூடிகள் மட்டுமே இருந்தால், ராணி ஆண் தேனீக்களை மட்டுமே பெறுவதாக இருக்கலாம், அந்தக் கூட்டம் நிலைக்காது. ஒரே அறையில் பல முட்டைகள் சுவரில் ஒட்டியிருந்தால் ராணியே இல்லாமல் பணித் தேனீக்கள் முட்டையிடுகின்றன. பலவீனமான கூட்டத்தை இன்னொன்றோடு சேர்க்கலாம், ஆனால் ஏன் பலவீனமானது என்று தெரிந்த பிறகு மட்டும்.

இனி, செத்துப்போன பெட்டி. ஒருமுறை நான் திறந்த பெட்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டாகத் தேனீக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தலையை அறைக்குள் கவிழ்த்து, வால் மட்டும் வெளியே தெரிய அப்படியே அடங்கிப்போயிருந்தன. கடைசித் துளியை நக்கப் போனவை. அடை கட்டும் மரச்சட்டம் இரண்டு தள்ளி மூடி போட்ட தேன் தொடப்படாமல் இருந்தது. கடும் குளிர் தொடர்ந்த சில நாட்களில், சின்னக் கூட்டமாகிவிட்ட அவற்றால் புழுக்களை விட்டுவிட்டு அந்த இரண்டு சட்டத்தைக் கடக்க முடியவில்லை. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

வேறொரு காட்சியும் உண்டு: பெட்டி நிறையத் தேன், தேனீக்களோ ஒரு கைப்பிடிகூட இல்லை. அடையைச் சாய்த்துப் புழு அறைகளின் மேற்கூரையைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது தேனீக்களை ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணியின் கழிவு. கோடைத் தேனீ ஆறு வாரம் வாழும், குளிர்காலத் தேனீ ஐந்தாறு மாதம் வாழ வேண்டும். அந்த ஆயுளைத் தருவது அதன் உடலில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு. உண்ணி தின்பதும் அதையேதான். கோடை முடிவில் உண்ணிக்கு மருந்து வைக்கத் தவறிய பெட்டி குளிரில் காலியாவது இப்படித்தான். குளிர் பெயரளவுக்குத்தான் காரணம்.

ஈரப்பூசணத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்லாதீர்கள், தேனீக்கள் செத்த பிறகும் பூசணம் பிடிக்கும். கடிபட்ட அடையும் புல் திணித்த மூலையும் எலி புகுந்ததைக் காட்டும். மூடி போட்ட புழு அறை உள்வாங்கி, ஓட்டை விழுந்து, நாறினால் ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு மெதுவாக இழுங்கள். பழுப்பு நிறத்தில் நூல் போல இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டால் அது அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற புழு அழுகல் நோயாக இருக்கக்கூடும். எதையும் இடம் மாற்றாமல் வேளாண் அல்லது கால்நடை அதிகாரிக்குச் சொல்லுங்கள், பல நாடுகளில் அது சட்டப்படியும் கட்டாயம். அதன் வித்துகள் பெட்டியிலும் அடையிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

காரணம் எதுவானாலும் செத்த பெட்டியின் வாசலை அன்றே அடைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் மிச்சத் தேனைக் கொள்ளையடிக்க வரும், நோயையும் சேர்த்து எடுத்துப்போகும். உயிரோடிருக்கும் பெட்டிகளை, பூக்கள் நிறைந்து தேன் வரத்து தொடங்கும்வரை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். போன வாரம் கனத்த பெட்டி இந்த வாரம் லேசாகியிருக்கும்.