4 டாலர் ஒயின் 27 டாலர் ஆவது எப்படி?

தயாரிப்பாளரின் கிடங்கில் ஒரு பாட்டில் ஒயின் 4 டாலர். அதே பாட்டில் வரி அதிகமுள்ள ஒரு நாட்டின் கடை அலமாரியில் 27 டாலர். நடுவில் யாரோ ஒருவர் 23 டாலரைச் சுருட்டிக்கொண்டார் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கைப் பிரித்துப் போட்டால் அப்படி ஒருவரும் அகப்பட மாட்டார். வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் பங்கைச் சதவீதத்தில் எடுக்கிறார். அந்தச் சதவீதங்கள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கிடங்கு விலை 4 டாலர், கப்பல் கட்டணமும் காப்பீடும் 1 டாலர். துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 5 டாலர். சரக்குத் தொழிலில் இதைத்தான் சி.ஐ.எஃப். மதிப்பு என்கிறார்கள், பல நாடுகள் சுங்க வரியைப் போடுவது இதன் மேல்தான். வரி 150 சதவீதம் என்றால் 7.50 சேர்ந்து 12.50 ஆகிறது. லேபிள், ஏற்றுகூலி, கிடங்கு வாடகை என 50 சென்ட் போட்டால் 13. இறக்குமதியாளர் 25 சதவீதம் வைக்க 16.25, மொத்த வியாபாரி 15 சதவீதம் வைக்க 18.69, கடைக்காரர் 20 சதவீதம் வைக்க 22.43. கடைசியில் 20 சதவீத விற்பனை வரி. பில்லில் 26.91.

இறக்குமதியாளர் தன் 25 சதவீதத்தைச் சரக்கின் மேல் மட்டுமல்ல, கட்டிய வரியின் மேலும் வைக்கிறார். இதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. 7.50 டாலரைச் சுங்கத்தில் ரொக்கமாகக் கட்டிவிட்டு, பாட்டில் விற்றுக் காசு கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பவர் அவர். அந்தப் பணத்துக்கு வட்டி ஓடுகிறது. பாட்டில் உடைந்தால் வரியும் சேர்ந்து உடைகிறது. இதனால்தான் கையிருப்பைச் சுங்கத்துறையின் கண்காணிப்பிலுள்ள பாண்டட் கிடங்கில் வைக்கிறார்கள். வெளியே எடுக்கும் பெட்டிகளுக்கு மட்டும் அவ்வப்போது வரி கட்டினால் போதும்.

பெருக்கலை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: 2.5 × 1.25 × 1.15 × 1.2 × 1.2. விடை ஏறக்குறைய 5.18. கிடங்கில் ஒரு டாலர் ஏறினால் கடையில் 5 டாலருக்கு மேல் ஏறும். கப்பல் கட்டணம் ஒரு டாலர் ஏறினாலும் அதே கதைதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே அந்தச் சுமைகூலிக்கும் வரி உண்டு. கப்பல் கட்டணத்தில் 20 சென்ட் குறைக்க இறக்குமதியாளர் மல்லுக்கட்டுவது வீண் வேலை அல்ல.

எல்லா நாடும் விலையைப் பார்த்து வரி போடுவதில்லை. சிங்கப்பூர் பார்ப்பது ஆல்கஹாலின் அளவை. ஒயினில் உள்ள தூய ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர். 750 மில்லி பாட்டில், 13.5 சதவீத ஆல்கஹால் என்றால் 0.75 × 0.135 × 88, அதாவது 8.91 டாலர். அதன் மேல் 9 சதவீதச் சரக்கு, சேவை வரி. 7 டாலருக்கு வந்திறங்கும் ஒயின் இப்படி 17.34 ஆகிறது, வரி மட்டுமே சரக்கின் விலையைப்போல ஒன்றரை மடங்கு. 70 டாலர் ஒயினுக்கும் அதே 8.91தான், 86.01 ஆகிறது, வரிச் சுமை 23 சதவீதம். மலிவு ஒயினுக்கு மரண அடி, விலையுயர்ந்த ஒயினுக்குச் செல்லத் தட்டு. நார்வேயிலும் ஆல்கஹால் அளவை வைத்துத்தான் வரி. சாதாரண ஒயின் அங்கே கொள்ளை விலை. அரிய ஒயின்களின் விலையில் வரியின் பங்கு சிறிதுதான்.

அரசு நினைத்தால் இந்தச் சங்கிலியின் கனமான கண்ணியையே கழற்றிவிடலாம். ஹாங்காங்கில் ஒயின் வரி 80 சதவீதமாக இருந்தது. 2007-இல் 40 ஆனது, 2008 பிப்ரவரியில் பூஜ்யம். ஆசியாவின் ஒயின் ஏலச் சந்தையாக அந்நகரம் மாறியது அதற்குப் பிறகுதான்.

இந்தியா வேறு பாதையில் போனது. உலக வர்த்தக அமைப்பில் வழக்கு வந்தபோது, 2007-இல் கூடுதல் சுங்க வரியை நீக்கியது. கூடவே ஒயினின் அடிப்படை வரியை 100-இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. இடது கையால் எடுத்ததை வலது கையால் வைத்தது போல. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் ஒரு வேடிக்கையான படியை உருவாக்கியது. 5 டாலர் முதல் 15 டாலருக்குள் மதிப்புள்ள பாட்டிலுக்குத் தொடக்கத்தில் 100 சதவீதம், 15 டாலரும் அதற்கு மேலும் என்றால் 75. 5 டாலருக்குக் கீழே பழைய 150. 4.90 டாலர் ஒயின் வரியோடு 12.25 ஆக, 5.10 டாலர் ஒயின் 10.20-இல் நின்றுவிட்டது. விலை கூடிய சரக்கு மலிவாக உள்ளே வந்தது! இந்தச் சலுகைக்கு, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் அவசியம். அதில் பிழை இருந்தால் முழு வரி கட்ட நேரலாம்.

இந்தியாவில் மதுவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி, லேபிளுக்குத் தனிப் பதிவுக் கட்டணம். இத்தகைய நிலையான கட்டணங்கள் சிறு தயாரிப்பாளர்களைத்தான் நசுக்கும். 1,000 டாலர் கட்டணத்தை 10,000 பாட்டிலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 10 சென்ட். வருடத்துக்கு 200 பாட்டில் விற்கும் ஒயினுக்கு அதுவே 5 டாலர்.

அடுத்தது எடை. நிரம்பிய பாட்டில் சுமார் 1.25 கிலோ, அதில் அரைக் கிலோ வெறும் கண்ணாடி. 20 அடி கன்டெய்னரில் பெட்டிகளை நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய 10,000 லிட்டர் ஏறும். அதே கன்டெய்னருக்குள் ஃப்ளெக்ஸி டேங்க் என்ற பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தால் 24,000 லிட்டர் வரை ஊற்றலாம். மலிவு ஒயின்கள் பல இப்படி வந்து, விற்கும் நாட்டில் பாட்டிலுக்குள் போகின்றன. ‘தோட்டத்திலேயே நிரப்பியது’ என்று லேபிளில் போடும் ஒயினுக்கு இந்த வழி கிடையாது.

ஒயினின் பெரிய எதிரி வெயில். குளிரூட்டாத கன்டெய்னர் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். 20-இலிருந்து 40 டிகிரிக்குப் போனாலே பாட்டிலில் உள்ள ஒயின் சுமார் 5 மில்லி விரிகிறது. கார்க்குக்குக் கீழே இருக்கும் காலியிடமே சில மில்லிதான். காற்று அழுந்தி கார்க்கை மேலே தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுப்பான கோடு இறங்கும். இரவில் குளிரும்போது ஒயின் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்ததுபோல் ஒரு வாசனை வந்தால் அந்தப் பாட்டிலின் கதை முடிந்தது. திருகு மூடி போட்டால் ஒழுகாது. வெந்த சுவை மட்டும் வந்தே தீரும். ஆகவே 13 டிகிரி வாக்கில் வைக்கும் ரீஃபர் என்ற குளிரூட்டிய கன்டெய்னர் தேவை, அதற்குக் கூடுதல் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் மேலே சொன்ன 5.18 பெருக்கல்.

துறைமுகத்தில் ஆய்வுச் சான்றில் ஆல்கஹால் 13.8, லேபிளில் வேறு எண் என்றிருந்தால் சரக்கு நின்றுவிடலாம். நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். தாமதத்தால் வந்த நஷ்டத்தைச் சாதாரணக் கடல் காப்பீடு ஏற்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் சரக்கு கிளம்பும் முன்பே லேபிளின் நகலை அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். பெட்டிகளுக்கு நடுவே வெப்பநிலையைப் பதியும் சிறு கருவியையும் வைப்பார்கள். சரக்கு எங்கே சூடானது என்று பிறகு நிரூபிக்க அது வேண்டும்.

உணவகத்தில் இன்னொரு பெருக்கல். 750 மில்லியில் 150 மில்லி கிளாஸ் ஐந்து. முதல் கிளாஸின் விலையிலேயே பாட்டிலின் கொள்முதல் காசு வந்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு. திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். மிச்சம் தொட்டியில் கொட்டப்படும். கொட்டிய ஒயினுக்குக் கட்டிய வரியைச் சுங்கத்துறை திருப்பித் தராது.