கிரீஸ் எங்கே வேண்டும், எங்கே கூடாது

போன மாதம் ஓர் அப்பாவும் அவருடைய பத்து வயது மகனும் ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி கார் ஒன்றை என் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். "சத்தம் வருதேன்னு கிரீஸ் போட்டேன் சார். போட்ட பிறகு சத்தம் இன்னும் கூடிடுச்சு" என்றார் அப்பா.

மூடியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்துவிட்டது. மோட்டார் முனையில் இருக்கும் பினியன், அது சுழற்றும் ஸ்பர் கியர், இரண்டின் மேலும் கிரீஸை அள்ளி அப்பியிருந்தார்கள். பைக்குக்குப் போடும் கிரீஸ் அது. அதன்மேல் கடற்கரை மணல் ஒட்டி, சாம்பல் நிறச் சேறாகியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. பினியன் பற்கள் தேய்ந்து கத்தி முனைபோல் கூராகியிருந்தன.

டூவீலர் மெக்கானிக்குகள் வால்வை உட்காரவைக்க ஒரு பேஸ்ட் வைத்துத் தேய்ப்பார்கள். கிரீஸும் அரைக்கும் தூளும் கலந்ததுதான் அது. கிரீஸ் பூசிய கியரை மணலில் ஓட்டும்போது அதே பேஸ்ட்டை நாமே தயாரித்துவிடுகிறோம். முதலில் கெடுவது பிளாஸ்டிக் ஸ்பர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் மணல் துகள் மென்மையான பிளாஸ்டிக்கில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, எதிரே இருக்கும் உலோகப் பினியனை அரம்போல் ராவும். பற்கள் குறைவு என்பதால் பினியனுக்கு வேலையும் அதிகம். டமியா டிடி-02 என்ற ஆர்சி காரில் பினியனுக்கு 22 பல், ஸ்பருக்கு 70 பல். ஸ்பர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்.

அதனால், வெளியே திறந்திருக்கும் பினியனுக்கும் பிளாஸ்டிக் ஸ்பருக்கும் கிரீஸ் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தாலே போதும். கிரீஸுக்கு உரிய இடம் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கியர்களும், திருப்பத்தில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும்தான். டிடி-02 போன்ற கார்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பெட்டிகள் இருக்கும். பின்பக்கத்தைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறைய.

பழைய கிரீஸின் மேலேயே புதியதைப் போடாதீர்கள். உள்ளே போன தூசி உள்ளேயே தங்கிவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியருக்குப் பின்னால் காகிதம்போல மெல்லிய வாஷர்கள் இருக்கும். கிரீஸில் ஒட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சிங்க்கில் வைத்துக் கழுவினால் அவை தண்ணீரோடு போய்விடும். ஒரு கிண்ணத்துக்குள் வைத்துக் கழுவுங்கள்.

எதில் கழுவுவது? பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்துக் கழுவுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பூட்டிய அறையில் பெட்ரோல் ஆவி, பக்கத்திலேயே லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, அதையும் செய்வது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். தயவுசெய்து வேண்டாம். தின்னரும் வேண்டாம், பாலிகார்பனேட் பாடியில் பட்டால் வெளுத்து விரிசல் விடும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் சேசிஸையும் இளக்கிவிடும். பிளாஸ்டிக் கியருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். பிடிவாதமான கிரீஸ் உள்ள உலோகக் கியரைப் பெரியவர்கள் யாராவது வெட்டவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில், கொஞ்சம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிறகு சோப்பில் கழுவலாம். எதுவானாலும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே கிரீஸ்.

கிரீஸ் வாங்கும்போது பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். செராமிக் கிரீஸ், சிலிகான் கிரீஸ், வெள்ளை லித்தியம் கிரீஸ் என்று கிடைக்கும். வண்டிச் சக்கர பேரிங்குக்கான கெட்டி கிரீஸ் இந்தச் சின்ன மோட்டாருக்குச் சுமை. கியரை இழுத்துப் பிடிக்கும், மோட்டார் சூடாகும். பற்களின் இடுக்கில் மெல்லிய படலமாக இருந்தால் போதும், பெட்டியை நிரப்ப வேண்டாம். சில டிஃபரென்ஷியல்கள் (டிஃப்) ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் போட்டு மூடியவை. அவற்றுக்கு சிலிகான் ஆயில்தான். அந்த ஆயிலை சீல் இல்லாத டிஃபில் ஊற்றினால் ஒழுகிவிடும்.

திரும்ப மாட்டும்போது அவசரம் கூடாது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குருவை முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். 'டக்'கென்று பழைய மரையில் விழும். அப்புறம் முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புது மரை வெட்டும். நாலைந்து தடவைக்குள் அந்த ஓட்டை பிடிப்பை இழந்துவிடும். பினியனின் சின்ன ஸ்குருவுக்குத் துளி திரெட்லாக், அதாவது ஸ்குரு தளராமல் பிடிக்கும் பசை, போடலாம். அது பிளாஸ்டிக்கில் படவே கூடாது, விரிசல் விடும்.

கடைசியில் மெஷ், அதாவது இரண்டு கியரின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் இடைவெளி. பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தி மோட்டார் ஸ்குருவை முடுக்குங்கள். பிறகு கியரைக் கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் ரொம்ப டைட். புதுப் பினியன் வாங்குவதாக இருந்தால் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 48 பிட்ச், 0.6 மாட்யூல் என்ற இரண்டு பல் அளவுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் சேர்த்து ஓட்டினால் ஸ்பர் போய்விடும்.

அந்தப் பையனின் காருக்குப் பினியன், ஸ்பர் இரண்டையும் மாற்றினேன். காகிதத்தை அவன் கையில் கொடுத்து மெஷ் வைக்கச் சொன்னேன். மூன்றாவது முறை கிழியாமல் வந்தது. "அடிக்கடி திறக்கணுமா அங்கிள்?" என்று கேட்டான். தார் ரோட்டில் ஓட்டினால் சத்தம் மாறும்போது திறந்தால் போதும் தம்பி, கடற்கரைக்குப் போனால் அன்றைக்கு ராத்திரியே திறந்துவிடு, உப்பு பட்ட பேரிங் விடியும்வரை காத்திருக்காது என்றேன்.