ராமென் நூடுல்ஸ் ஏன் மஞ்சளாக இருக்கிறது?

ஜப்பானின் சப்போரோ நகரில் இருக்கும் 'அஜி நோ சன்பெய்' கடையில் மிசோ ராமென் (புளிக்கவைத்த சோயா விழுதான மிசோ சேர்த்த நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டுவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நூடுல்ஸ் அப்படி மஞ்சளாக இருந்ததே, முட்டையா, சாயமா?"

1950-களில் மிசோ ராமெனை அறிமுகப்படுத்திய கடை என்று பெயர் பெற்றது அது. கொழுப்பு மிதக்கும் கெட்டி சூப், சுருள்சுருளான தடித்த நூடுல்ஸ் என்பதுதான் சப்போரோ பாணி. சில தயாரிப்பாளர்கள் முட்டையோ நிறமியோ சேர்ப்பதுண்டு. ஆனால் இரண்டும் இல்லாமலேயே ராமென் மஞ்சளாகும்.

மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றோடு கன்சுய் என்ற ஒன்றும் சேர வேண்டும். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்த கார உப்பு அது (காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது). மாவின் எடையில் 1% போட்டாலே வேலை நடந்துவிடும். கன்சுய் சேராத, உடோன் என்ற தடித்த ஜப்பானிய கோதுமை நூடுல்ஸ் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். நம் வீட்டு அப்பளக்காரமும் முக்கியமாக சோடியம் கார்பனேட்தான்.

சரி, வெள்ளை மாவுக்குள் மஞ்சள் எங்கே ஒளிந்திருந்தது? கோதுமையில் ஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருள்கள் இருக்கின்றன. அவை உறிஞ்சுவது புற ஊதா ஒளியை. அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் அவை இருப்பதும் தெரிவதில்லை. காரம் சேர்ந்ததும், மூலக்கூறில் ஆக்சிஜனோடு ஒட்டியிருந்த ஒரு புரோட்டான் கழன்றுவிடுகிறது. மிஞ்சும் எதிர்மின்சுமை ஓரிடத்தில் நிற்காமல் வளையங்கள் வழியாக மூலக்கூறு முழுக்கப் பரவுகிறது. எலெக்ட்ரான்களுக்கு உலாவ இடம் கூடினால், அவற்றைத் தூண்டக் குறைந்த ஆற்றலே போதும். அதனால் புற ஊதாவை உறிஞ்சிக்கொண்டிருந்த அதே மூலக்கூறு இப்போது ஊதாவையும் நீலத்தையும் விழுங்குகிறது. வெள்ளை ஒளியில் நீலம் போய்விட்டால் நமக்குத் தெரிவது மஞ்சள். ஒரே ஒரு புரோட்டான் இடம் மாறியதில் இவ்வளவும் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதே வேதியியலை ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் ஏற்கெனவே நீலத்தை உறிஞ்சுவது. சுண்ணாம்பு பட்டதும் அதிலும் புரோட்டான் கழல்கிறது, உறிஞ்சும் ஒளி பச்சைப் பக்கம் நகர்கிறது, தண்ணீர் சிவக்கிறது. ஆரத்தி அழகான வழக்கம், எனக்குப் பிடிக்கும். ஆனால் இதே சிவப்பைக் காட்டி "பேய் ரத்தம் கக்குகிறது" என்று பயமுறுத்திக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் மாணவர்கள் கையாலேயே இதைச் செய்து பார்க்க வைக்க வேண்டும்.

கடித்தால் திமிறுகிற அந்த இறுக்கமும் கன்சுய் தருவதுதான். காரத்தில் குளூட்டன் புரதங்கள் இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன, வேகும்போது கூடுதல் பிணைப்புகளும் உண்டாகின்றன. அதனால் கொதிக்கும் சூப்பிலும் நூடுல்ஸ் சட்டென்று குழைந்துவிடுவதில்லை.

ஜப்பானியர்கள் இதையெல்லாம் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. ஃபுகுவோகா மாகாண அரசின் வேளாண் ஆய்வு மையம் ராமெனுக்கென்றே 'ராமுகி' என்று ஒரு கோதுமை ரகத்தை உருவாக்கியிருக்கிறது. அப்பளத்துக்கும் இடியாப்பத்துக்கும் ஆராய்ச்சியா என்று நம்மூரில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கோடிக்கணக்கானோர் தினமும் சாப்பிடும் பொருளைவிட நிதிக்குத் தகுதியானது எது?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் மைதா, இன்னொன்றில் தவிடு நீக்காத கோதுமை மாவு. ஒரு சிட்டிகை அப்பளக்காரத்தைத் தண்ணீரில் கரைத்து இரண்டிலும் ஊற்றி, கை படாமல் கரண்டியால் கலக்குங்கள். கோதுமை மாவுதான் அதிகம் மஞ்சளாகும், ஏனென்றால் ஃபிளேவோன்கள் தவிட்டிலும் முளையிலும்தான் நிறைய. அப்பளக்காரம் இல்லையென்றால் சமையல் சோடாவை ஓவனில் 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, சோடியம் கார்பனேட் மிஞ்சும். அப்புறம் அந்த மஞ்சள் மாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும். காரம் தீர்ந்ததும் கழன்ற இடத்தில் புரோட்டான் மறுபடி ஒட்டிக்கொள்ள, மஞ்சள் மங்கிப் போகும்.