சொல் விளக்கம்: அரும் அடையாளம்

இயற்கையை மிஞ்சி இறைவன் செய்ததாகச் சொல்லும் செயலுக்குக் கொழும்பில் மூன்று பெயர் வழங்குகிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்துக்குப் போகிறவர் ‘புதுமை’ என்பார். பெந்தெகொஸ்தே சபையின் சுவரொட்டி ‘அற்புத சுகமளிக்கும் கூட்டம்’ என்று அழைக்கும். ஞாயிறு திருப்பலியில் யோவான் நற்செய்தி வாசிக்கும்போது ‘அரும் அடையாளம்’ என்று காதில் விழும். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு எல்லாமே ‘மிரக்கிள்’தான். பேச்சில் இதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால், “இயேசு செய்தவை அவருடைய தெய்வீக அதிகாரத்துக்குச் சான்று” என்று வாதிட இறங்கினால் எந்தச் சொல்லை வைத்துப் பேசுகிறோம் என்று பார்த்தாக வேண்டும். சான்று என்ற பொருள் இவற்றில் ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அற்புதம் வடமொழி ‘அத்புத’விலிருந்து வந்தது. உத்பத்தி ‘உற்பத்தி’ ஆனது போல இங்கும் தகரம் றகரமாயிற்று. புதிய வரவு என்று சொல்ல முடியாது. காரைக்கால் அம்மையாரின் அந்தாதி ‘அற்புதத் திருவந்தாதி’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. வடமொழி நாடக நூலார் சுவைகளில் ஒன்றாக இதை எண்ணினார்கள். அதாவது, இந்தச் சொல் பார்ப்பவரின் மனநிலையைச் சொல்கிறது. எதிரே நடந்தது என்ன, யார் நடத்தினார், எதற்காக என்பவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆங்கில மிரக்கிளும் இதே வார்ப்புத்தான்: வியத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த ‘மிராக்குலும்’ அதன் தாய். அதிசயம் என்பதன் அடிப்பொருள் மிகுதி, மிஞ்சி நிற்றல். அதிலும் அனுப்பியவரைப் பற்றிய குறிப்பு இல்லை.

தமிழில் இந்த மனநிலைக்குப் பழைய பெயர் மருட்கை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அது எதனால் பிறக்கும் என்று சொல்கிறார்: “புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு / மதிமை சாலா மருட்கை நான்கே.” முன்பு காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறியது என்ற நான்கும் அறிவின் எல்லையைக் கடந்து நிற்கும்போது மருட்கை தோன்றும். கத்தோலிக்கர் வாயில் வழங்கும் ‘புதுமை’ இந்தப் பட்டியலின் முதற்சொல் என்பது கவனிக்கத்தக்கது. கானா ஊர்க் கலியாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதை இந்த நூற்பாவுக்குள் வைத்தால் அது ‘ஆக்கம்’ என்ற இடத்தில் உட்காரும். இன்றைய எழுத்துத் தமிழில் புதுமை என்பது நவீனம், கண்டுபிடிப்பு என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் மட்டும் “புதுமையாக் கிடக்கு” என்றால் விசித்திரம் என்ற பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. (வியப்புக்கு ‘இறும்பூது’ என்றொரு நல்ல சொல்லும் உண்டு. மேடைகளில் அதைப் பெருமிதம் என்ற பொருளில் சொல்லிச் சொல்லிப் பாழாக்கிவிட்டார்கள்.)

இனி மூலத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கென்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘துனாமிஸ்’ என்பது வல்லமை, வல்லமையான செயல். ‘தெராஸ்’ என்பது கண்டவரைத் திகைக்க வைப்பது. நம் அற்புதத்துக்குச் சரியான இணை இதுவே. ‘செமெயொன்’ என்பது அடையாளம், குறி. இவற்றில் தெராஸ் புதிய ஏற்பாட்டில் 16 இடங்களில் வருகிறது, ஓரிடத்திலும் தனியே வருவதில்லை. பக்கத்தில் செமெயொன் கட்டாயம் நிற்கும். வெறும் திகைப்பை எழுத்தாளர்கள் தனியே நடமாட விடவில்லை. யோவான் இன்னும் கண்டிப்பானவர். அவருடைய நற்செய்தியில் துனாமிஸ் என்ற சொல்லே கிடையாது. கானா ஊர்க் கலியாணம் முதல் இலாசரு உயிர்பெற்றது வரை அவர் செமெயொன் என்றுதான் எழுதுகிறார். இயேசு தம் வாயால் சொல்லும்போது பெரும்பாலும் ‘கிரியைகள்’, அதாவது செயல்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு எங்கே கைநழுவியது என்று காட்ட இரண்டு வசனங்கள் போதும். அப்போஸ்தலர் 2:22-இல் மூன்று சொற்களும் வரிசையாக வருகின்றன. சீர்திருத்த சபைகள் வாசிக்கும் பரிசுத்த வேதாகமம் அங்கே ‘பலத்த செய்கைகள், அற்புதங்கள், அடையாளங்கள்’ என்று ஒன்றுக்கு ஒன்றாகச் சரியாகவே வைத்தது. ஆனால் யோவான் 2:11-க்கு வந்தவுடன் அதே செமெயொன் ‘முதலாம் அற்புதம்’ ஆகிவிடுகிறது. யோவான் 3:2, 20:30 ஆகிய இடங்களிலும் இப்படியே. அந்த வேதாகமத்தை மட்டும் வைத்துப் படிப்பவர் யோவான் ‘அடையாளம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் என்பதை ஊகிக்க வழியில்லை. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதைத் திருத்தி, யோவானில் ‘அரும் அடையாளம்’ என்று போட்டது. துனாமிஸுக்கு ‘வல்ல செயல்’, தெராஸுக்கு ‘அருஞ்செயல்’ என்று வேறு சொற்களை ஒதுக்கியது.

அதே அப்போஸ்தலர் 2:22-இல் இன்னொரு சொல்லும் இருக்கிறது, வாதம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. கடவுள் இந்தச் செயல்களால் இயேசுவை என்ன செய்தார்? பழைய மொழிபெயர்ப்பு ‘வெளிப்படுத்தினார்’ என்கிறது. மூலவினைக்கு நிரூபித்துக் காட்டுதல் என்பது ஒரு பொருள்; ஒருவரை ஒரு பதவிக்குரியவராக அறிவித்தல் என்பதும் அதற்குண்டு. திருவிவிலியத்தின் ‘இன்னாரென்று உறுதியாகக் காண்பித்தார்’ இதை நெருங்குகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: நற்சான்று. புதிய தூதுவர்கள் கொழும்புக்கு வந்து ஜனாதிபதியிடம் ‘நற்சான்றுப் பத்திரம் கையளித்தனர்’ என்று பத்திரிகைகள் எழுதும். அந்தப் பத்திரம் தூதுவரின் கெட்டித்தனத்தைப் பற்றியதன்று. இவர் பேசினால் அனுப்பிய நாடு பேசியதாகக் கொள்க என்பது அதன் பொருள். அரும் அடையாளம் செய்ய வேண்டியதும் இந்த வேலையைத்தான். மோசேக்குக் கோல் பாம்பாவதும், கை குஷ்டம் பிடித்து மாறுவதும், நீர் இரத்தமாவதும் கொடுக்கப்பட்ட சூழல் யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. “அவர்கள் என்னை நம்பமாட்டார்களே” என்று மோசே தயங்கியதற்குப் பதிலாக வந்தவை அவை.

வல்லமையும் அதிகாரமும் ஒன்றென்று நினைப்பது இந்த விடயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. காலி வீதியில் ஒரு லொறியைப் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். லொறியைத் தடுக்கும் பலம் அவர் உடம்பில் இல்லை, நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. கிரேக்கத்தில் பலம் துனாமிஸ், அதிகாரம் ‘எக்சூசியா’. லூக்கா 4:36 இரண்டையும் பிரித்து ‘அதிகாரத்தோடும் வல்லமையோடும்’ என்று சொல்கிறது. திமிர்வாதக்காரனைக் குணமாக்கும் மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் இந்தப் பிரிவு வாதமாகவே விரிகிறது. இயேசு பாவத்தை மன்னித்தாரா இல்லையா என்று எவரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. படுத்திருந்தவன் எழுந்தானா என்று பார்க்கலாம். எனவே காணக்கூடியதைச் செய்து காணமுடியாததற்கு ஈடு வைக்கிறார்: “பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியவேண்டும்.” அரும் அடையாளம் என்ற சொல்லின் பொருளை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் பகுதி நற்செய்திகளில் இல்லை.

அளவுகளையும் வாசிப்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். கானாவில் இருந்தவை ஆறு கற்சாடிகள். ஒவ்வொன்றும் ‘இரண்டு மூன்று குடம்’ கொள்ளும் என்று தமிழில் இருப்பதால், இடுப்பில் வைத்துத் தூக்கும் குடம் நினைவுக்கு வரும். மூலத்திலுள்ள அளவை ‘மெத்ரெத்தேஸ்’, ஏறக்குறைய 39 லீற்றர். ஆறு சாடிக்கும் கணக்குப் போட்டால் 470 முதல் 700 லீற்றர் வரை வரும். இவ்வளவும் ஒரு கிராமத்துக் கலியாண வீட்டில். ஆனால் அதைக் கண்டு ஊரே வாய்பிளந்ததாக யோவான் எழுதவில்லை. பந்தி மேற்பார்வையாளருக்கு இரசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. வேலைக்காரருக்குத் தெரியும், சீடர் நம்பினர், அவ்வளவுதான். திகைப்பு இல்லாமலேயே அடையாளம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அடையாளம் மட்டும் போதுமா என்றால், வேதமே போதாது என்கிறது. பார்வோனின் மந்திரவாதிகள் கோலையும், இரத்தமான நீரையும், தவளைகளையும் தாங்களும் செய்து காட்டினார்கள். பேன்களில் வந்து தோற்றபோதுதான் “இது தேவனுடைய விரல்” என்றார்கள். உபாகமம் 13-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒருவன் சொன்ன அடையாளம் சொன்னபடியே நடந்தாலும், அவன் வேறு தேவர்களிடம் அழைத்தால் செவிகொடாதே என்கிறது. இறப்பர் முத்திரை போலியாகவும் இருக்கலாம் என்று தெரிந்தவர், முத்திரையைப் பார்த்த கையோடு கடிதத்தையும் வாசிப்பார். செய்தி அடையாளத்தைச் சோதிக்கும், அடையாளம் செய்தியை உறுதிசெய்யும். இதைச் சுற்றுவாதம் என்று குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. முன்பே ஏற்றுக்கொண்ட செய்தி ஒன்று கையில் இருக்கும்போதுதான் இந்தச் சோதனை ஓடும். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறவருக்கு அது உதவாது. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அற்புதங்களையும் இறைவாக்குகளையும் வெளிப்பாட்டின் மிக உறுதியான அடையாளங்கள் என்று அறிவித்தபோதும், நம்பிக்கை தூய ஆவியின் உள்ளுதவி இன்றி வராது என்பதையும் சேர்த்தே சொன்னது.

கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்ட விசாரணையில் இந்த இரண்டு பொருளையும் இரண்டு மேசைகளில் பிரித்து வைத்திருக்கிறது. மருத்துவர் குழு முதலில் கூடும். நோய் கடுமையானதா, குணம் சடுதியாக வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, கொடுத்த மருந்தால் விளக்க முடியுமா என்று பார்க்கும். அவர்கள் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை ‘விளக்கம் இல்லை’ என்பது மட்டுமே. ‘அற்புதம்’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. அந்த வேளையில் குறித்த ஒருவரின் பரிந்துரையை வேண்டினார்களா, குணத்துக்கும் வேண்டுதலுக்கும் தொடர்பு உண்டா என்று இறையியலாளர் பின்னர் ஆராய்வார்கள். முதல் மேசை மருட்கையைச் சோதிக்கிறது, இரண்டாவது அடையாளத்தை. நடைமுறையில் தோற்றுப்போகிற முறையீடுகளில் குறை இப்படி இருக்கும்: நோய்க்கு முன் எடுத்த அறிக்கைகள் இல்லை, சிகிச்சையும் பக்கத்தில் நடந்திருக்கிறது, அல்லது ஒரே நேரத்தில் ஐந்து புனிதர்களிடம் நவநாள் செய்திருக்கிறார்கள்.

இலங்கையின் முதல் புனிதர் யோசேப் வாஸ் இதில் ஒரு விலக்கு. 1995-இல் இரண்டாம் யோவான் பவுலும், 2015 ஜனவரி 14-இல் பிரான்சிசும் காலிமுகத்திடலில் வைத்தே அவருக்கு முறையே அருளாளர், புனிதர் பட்டங்களை அளித்தார்கள். வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்கவில்லை. அற்புதம் சான்றாகும், சான்று அது ஒன்றே என்று திருச்சபைச் சட்டம் கருதவில்லை என்பதற்கு நம் ஊர்த் திடலிலேயே கிடைத்த உதாரணம் இது. அவருடைய வாழ்க்கையில் பேர்போன நிகழ்ச்சி, 1696-இல் கண்டியில் வறட்சியின்போது அவர் மன்றாட மழை பெய்தது என்று சொல்வார்கள். அதன் பிறகு அரசன் அவருக்கு அளித்த சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். கொச்சிக்கடை ஆலயத்தின் தல வரலாறும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. கத்தோலிக்கத்துக்குத் தடை இருந்த ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த குருவானவர், கடல் அரிப்பு நிற்க மன்றாடுமாறு மீனவர் கேட்க, சிலுவையை நட்டு மன்றாடினார். கடல் பின்வாங்கி மணற்றிட்டு எழுந்தது. அதன் பிறகு அவரை அங்கேயே இருக்க விட்டார்கள். இரண்டு கதையிலும் மழையும் மணலும் முடிவாக நிற்பதில்லை, அவை பேச அனுமதி வாங்கித் தருகின்றன.

‘சித்து’ என்ற சொல்லை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அணிமா முதலான எட்டுச் சித்திகளும் சாதகர் தம் முயற்சியால் அடைந்தவை. அவை அவருடைய பேற்றைக் காட்டும், அனுப்பியவரைக் காட்டா. ‘அந்தோனியார் செய்த புதுமை’ என்ற பேச்சு வழக்கும் கறாரான இறையியலில் ‘அந்தோனியாரின் பரிந்துரையால் இறைவன் செய்த’ என்றுதான் விரியும். விசா கிடைத்ததையும் சோதனை பாஸானதையும் புதுமை என்று நன்றிப் பலகை எழுதுவதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சான்று பற்றிப் பேசும் கட்டுரையில் அவற்றுக்கு ‘வரம்’, ‘நன்மை’ என்பவையே பொருந்தும்.

சரியான தமிழ் எது? தெராஸுக்கு அற்புதம் இருக்கட்டும், மாற்ற வேண்டிய தேவை இல்லை. துனாமிஸுக்கு வல்ல செயல். செமெயொனுக்கு ‘அரும் அடையாளம்’ பொருளில் பழுதில்லாதது, ஆனால் புணர்ச்சியில் இடறுகிறது. அருமை என்பது மெய்யெழுத்துக்கு முன் ‘அரும்’ ஆகும், அருஞ்செயல் போல; உயிரெழுத்துக்கு முன் முதல் நீண்டு ‘ஆர்’ ஆகும், ஆருயிர் போல. அந்தக் கணக்கில் ‘ஆரடையாளம்’ என்று வர வேண்டும், அப்படி எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. அதனால்தான் இரண்டு சொல்லையும் ஒட்டாமல் இடம்விட்டு அச்சிடுகிறார்கள். ‘அருங்குறி’ என்பது இலக்கணத்துக்கு இசைந்தது, சுருக்கமானது, சில மறையுரைகளில் கேட்பதும் உண்டு. அதன் சங்கடம் வேறு: குறி என்றதும் கைரேகையும் சோழியும் வைத்துக் ‘குறி சொல்லுகிற’ ஆள் நினைவுக்கு வந்துவிடுவார். அந்த ஆள் வந்து குறுக்கே நிற்பதைவிடப் புணர்ச்சி விதி ஒன்று வளைந்து கொடுப்பது மேல்.