மல்டிபார்ட் அப்லோடு: பல்பகுதிப் பதிவேற்றம்

பெரிய கோப்பு ஒன்றைப் பகுதி பகுதியாக மேகச் சேமிப்பகத்துக்கு அனுப்பி, எல்லாம் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே ஒன்றாகச் சேர்க்கச் சொல்வதுதான் மல்டிபார்ட் அப்லோடு. அமேசானின் மேகச் சேமிப்பகச் சேவையான எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது ஒவ்வொரு கோப்பையும் ஒரு முழுப் பொருளாக வைத்துக்கொள்ளும் பொருள் சேமிப்பகத்தில், இந்த ஏற்பாட்டுக்குத் தேவை அதிகம். 4 ஜிபி காணொளியை ஒரே வேண்டுகோளில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது கடைசி நூறு எம்பியில் இணைப்பு அறுந்தால், மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பகுதிகளாக அனுப்பினால் அறுந்த பகுதியை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும். பல பகுதிகளை ஒரே நேரத்தில் அனுப்பவும் முடிவதால் வேகமும் கூடுகிறது.

'மல்டி' லத்தீனின் 'மல்டுஸ்' வழியாகவும், 'பார்ட்' 'பார்ஸ்' வழியாகவும் வந்தவை. முன்னதற்குப் 'பல' என்றும் பின்னதற்குப் 'பங்கு' என்றும் பொருள். இணைய உலகில் இந்தச் சொல் காலூன்றியது மின்னஞ்சலால். நதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் எழுதிய மைம் என்ற மின்னஞ்சல் வடிவத் தரவரைவு, 1992 ஜூனில் இணைய நெறிகளுக்கான ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 1341 என்ற எண்ணில் வெளியானது. வெறும் எழுத்தை மட்டுமே சுமந்த மின்னஞ்சலில் எழுத்து, படம், ஒலி எல்லாவற்றையும் ஒரே கடிதமாக அனுப்ப அது வழி செய்தது. ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே ஓர் எல்லை வரி வரும், அவ்வளவுதான் சூட்சுமம். அந்த ஆண்டு மார்ச்சில் போரன்ஸ்டீன் அனுப்பிய முதல் மைம் மடலில், அவர் பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் இணைப்பாகப் போயின. 1995-இல் வலைப்படிவத்தில் கோப்பு இணைக்கும் வசதி வந்தபோதும் அதே முறையையும் அதே பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

2010 நவம்பரில் எஸ்3 இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டபோது அர்த்தம் தலைகீழானது. மைமில் ஒரே மடலுக்குள் பல பொருள்கள். எஸ்3-இல் ஒரே பொருளுக்காகப் பல வேண்டுகோள்கள். நிரல்கள் சேமிப்பகத்தோடு பேசும் இடைமுகத்துக்கு ஏபிஐ என்று பெயர்; கூகுள் கிளவுடின் ஜேசான் ஏபிஐ ஆவணத்தில் 'மல்டிபார்ட் அப்லோடு' என்றால் இன்றும் பழைய அர்த்தம்தான்: கோப்பும் அதன் விவரக்குறிப்பும் ஒரே வேண்டுகோளில் செல்வது. அதே கூகுளின் எக்ஸ்எம்எல் ஏபிஐயிலோ அமேசான் தரும் அர்த்தம். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூர் இந்தச் சொல்லின் பக்கமே போகாமல் 'பிளாக்' என்கிறது. ஓர் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் படிப்பவர்கள் குழம்புவதில் வியப்பே இல்லை.

எஸ்3-இல் வேலை நடக்கும் விதம் இது. முதலில் பதிவேற்றத்தைத் தொடங்கச் சொன்னால் ஓர் அப்லோடு ஐடி கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 10,000 வரை ஓர் எண்ணிட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் சேர்ந்ததும் 'இடேக்' என்ற அடையாளக்குறி திரும்பி வரும். எந்த வரிசையில் அனுப்பினாலும் பரவாயில்லை, ஒட்டுவது எண் வரிசைப்படிதான். கடைசியில் எண்களையும் இடேக்குகளையும் பட்டியலாகக் கொடுத்து 'கம்ப்ளீட்' சொன்ன பிறகே கோப்பு பக்கெட்டில், அதாவது எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் கலத்தில், கண்ணுக்குத் தெரியும். 2 ஜிபி கோப்பை 8 எம்பி பகுதிகளாக வெட்டினால் 256 பகுதிகள். முடிந்தபின் அந்தக் கோப்பின் இடேக்கைப் பாருங்கள், வாலில் '-256' என்று ஒட்டியிருக்கும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியான வழக்கமான எம்டி5-ஓடு அது ஒத்துப்போகாது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதறவேண்டாம். பகுதிகளின் எம்டி5-களை அடுக்கி, அதற்கு மறுபடி எம்டி5 எடுத்தது அது.

கடைசிப் பகுதி தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக்கூடாது, எதுவும் 5 ஜிபியைத் தாண்டக்கூடாது. எல்லாவற்றையும் 5 எம்பியாகவே வெட்டினால் 10,000 பகுதிகளிலும் சேர்த்து 50 ஜிபி அளவுக்குத்தான் போகலாம். பெரிய கோப்புக்குப் பகுதியின் அளவை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி தமிழ். அப்லோடுக்குப் பதிவேற்றம், தரவேற்றம் இரண்டும் புழங்குகின்றன, எதுவும் சரி. சிக்கல் முன்சொல்லில். 'பகுதிப் பதிவேற்றம்' என்று சுருக்கினால், பகுதிநேர வேலை என்பதுபோல அரைகுறை ஏற்றம் என்ற பொருள் வந்துவிடும். 'பன்பகுதி'யும் பொருந்தாது. பன்முகம், பன்மொழி என்று மெல்லினம் வரும்போதுதான் லகரம் னகரமாகும். வல்லினத்தின் முன் பல்கலை, பல்பொருள் என்று நிற்பதே வழக்கு. ஆகவே பல்பகுதிப் பதிவேற்றம். 'பகு' என்ற வேரும் பழையதுதான்: 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்கிற குறளில் 'பகுத்து' என்பதும் 'பல்' என்பதும் அடுத்தடுத்த சொற்களில் நிற்கின்றன. அதே குறளில் 'தொகுத்தவற்றுள்' என்றும் வருகிறது. கம்ப்ளீட் என்பதற்குத் 'தொகுத்தல்' என்று சொல்ல ஆசைதான், ஆனால் நிரலைக் கணினிமொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் தொகுப்பி என்று ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. எனவே 'சேர்த்து முடித்தல்' என் தேர்வு.

கட்டாயம் பெயர் வேண்டிய இன்னொன்று உண்டு. தொடங்கி, சில பகுதிகள் போய், முடிக்காமல் விட்ட பதிவேற்றம். வழக்கமான கோப்புப் பட்டியலில் அது தெரியாது, ஆனால் கிடக்கும் பகுதிகளுக்கு மாதாமாதம் கட்டணம் ஏறும். அஸூர் முடிக்காத பிளாக்குகளை ஒரு வாரத்தில் தானே கழித்துவிடுகிறது. எஸ்3-இல் நாமே கைவிடச் சொல்ல வேண்டும், அல்லது இத்தனை நாளில் நீக்கு என்று பக்கெட்டுக்கு லைஃப்சைக்கிள் விதி எழுதி வைக்க வேண்டும். இதை 'முடியாப் பதிவேற்றம்' என்றால் இயலாதது என்று படிக்கப்படும். 'நிறைவுறாப் பதிவேற்றம்' என்பதே தெளிவு.