ஸ்டாமினா: பாவு நூலிலிருந்து பந்தாட்டத்துக்கு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூர், வள்ளவிளை பக்கம் பந்தாட்டம் பார்க்க நின்றால் அடிக்கடி காதில் விழுவது, "கால் நல்ல கால்தான், ஆனா ஸ்டாமினா இல்ல." எல்லை தாண்டி கேரளத்தில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடப் போனாலும் இதே சொல்தான். மலையாளத்துக்கும் நமக்கும் பொது.

இது லத்தீன் சொல். தறியில் நெட்டுக்கு ஓடும் பாவு நூலுக்கு ஸ்டாமென் என்று பெயர், பன்மைதான் ஸ்டாமினா. மனித ஆயுளை விதித் தேவதைகள் மூவர் நூலாக நூற்கிறார்கள் என்பது உரோமர் நம்பிக்கை. அந்த நூல்தான் ஆங்கிலத்துக்குப் போய், பிறவியில் வாய்த்த உயிர்வலு என்றாகி, அப்புறம் களைக்காமல் தாங்கும் சக்தி ஆனது. வடசேரியிலோ பலராமபுரத்திலோ தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். குறுக்கு நூலான ஊடு வந்து போகும். இழுவையைத் தாங்கி நிற்பது பாவு.

நம் பேச்சில் இதற்கு 'தம்' உண்டு. அதுவும் வந்த சொல்தான், பாரசீகத்தில் மூச்சு என்று பொருள். எழுத்தில் 'தாங்குதிறன்' பொருத்தம். சிலர் 'உடற்தகுதி' என்று போடுகிறார்கள். அது ஃபிட்னஸ், வேகம், வலு, வளைவு எல்லாம் அதில் அடக்கம்.

சரி, தாங்குதிறனை எப்படி அளப்பது? டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனை பிரபலம். 20 மீட்டர் ஓடித் திரும்பி, 10 விநாடி ஆறி, மறுபடி ஓட்டம். பீப் ஒலி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாம் முறை கோட்டைத் தவறவிட்டால் முடிந்தது. இந்தப் போய்வரும் ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர். ஷட்டில் என்றால் தறியில் ஊடு நூலைச் சுமந்து போய்வரும் நாடா. பாவும் நாடாவும் மைதானத்தில் மறுபடி சந்தித்துக்கொள்கின்றன!

பாங்ஸ்போவும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்தாலியின் உச்சநிலை ஆட்டக்காரர்களையும் அடுத்த நிலையிலிருந்த டென்மார்க் லீக் ஆட்டக்காரர்களையும் ஒப்பிட்டது. ஓர் ஆட்டத்தில் ஓடிய மொத்தத் தூரம் 10.86, 10.33 கிலோமீட்டர். பெரிய வித்தியாசமில்லை. அதிவேக ஓட்டத்தில்தான் மேல்நிலைக்காரர்கள் 28 சதவீதம் கூடுதல். இடத்துக்கு இடமும் மாறும். நடுக்களத்தில் ஆடுபவர் மொத்தத் தூரத்தில் முந்துவார். ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுப்பவர், குறைவாகவே ஓடுவார். கோல் காப்பவரை இந்த அளவுகோலில் நிறுத்துவதே நியாயமில்லை.

அதனால் தாங்குதிறன் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஒரு பாய்ச்சல் முடிந்து அடுத்ததற்குள் உடம்பு மீள வேண்டும். யோ-யோ அதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. அதற்கு 'தேறுதிறன்' என்பேன். காய்ச்சலிலிருந்து தேறுவதும் பரீட்சையில் தேறுவதும் நமக்கு ஒரே வினை. 'தேறல்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், சங்கப் பாட்டில் அது கள்.